டிவியை நிறுத்தும் வேலை வீட்டுக்கு வந்தது எப்படி?

ஐஸ்லாந்தின் அரசுத் தொலைக்காட்சி 1966 செப்டம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆனால் வியாழக்கிழமைகளில் அங்கே டிவி கிடையாது. அன்று எந்த நேரத்தில் போட்டுப் பார்த்தாலும் திரையில் ஒன்றும் வராது. ஜூலை வந்தால் மாதம் முழுக்க நிலையத்துக்கே விடுமுறை. ஜூலை விடுமுறை 1983 வரையிலும், வியாழக்கிழமை விடுமுறை 1987 வரையிலும் நீடித்தன. பிரிட்டனில் இது வேறு வடிவத்தில் இருந்தது. மாலை 6 மணிக்குக் குழந்தைகள் நிகழ்ச்சி முடிந்ததும் ஒளிபரப்பு நின்றுவிடும், மறுபடி 7 மணிக்குத்தான் தொடங்கும். அந்த ஒரு மணி நேரத்தில் சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிடலாம் என்பது ஏற்பாடு. 1957 பிப்ரவரி 16 அன்று அந்த இடைவெளி எடுக்கப்பட்டது. 1955இல் அங்கே வணிகத் தொலைக்காட்சி வந்திருந்தது. விளம்பரத்தை நம்பி நடக்கும் நிறுவனத்துக்கு மாலையில் ஒரு மணி நேரம் திரை சும்மா கிடப்பது நேரடியான வருமான இழப்பு. ஐஸ்லாந்திலும் 1986இல் தனியார் சேனல் வந்தது. அடுத்த ஆண்டே அரசு டிவி வியாழக்கிழமையும் ஓடத் தொடங்கியது.

பழைய காலத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்று சொல்ல இதை எழுதவில்லை. அன்றைய ஏற்பாட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. டிவி பார்ப்பதற்கு அன்று ஒரு முடிவு இருந்தது, அந்த முடிவை வீட்டில் யாரும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இரவில் நிலையத்தை மூடுவார்கள், எல்லோரும் எழுந்து படுக்கப் போவார்கள். அதற்காக யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. பிறகு 24 மணி நேரச் சேனல்கள் வந்தன. ரிமோட் வந்தபோது எழுந்து போக வேண்டிய அவசியமும் போயிற்று. 2012இல் நெட்ஃபிளிக்ஸ், ஒரு பகுதி முடிந்ததும் அடுத்த பகுதி தானாகவே ஓடும் வசதியைக் கொண்டுவந்தது. அதுவரை அடுத்ததைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இப்போது பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால்தான் அழுத்த வேண்டும். 2017இல் அந்த நிறுவனத்தின் அன்றைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்களுக்குப் போட்டி மக்களின் தூக்கம்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

நிலையம் செய்துவந்த வேலை இப்படித்தான் வீட்டில் இருக்கும் ஒருவர் தலையில் வந்து விழுந்தது. பெரும்பாலும் அது அம்மா. 'போதும், நிறுத்து' என்று தினமும் சொல்லி, தினமும் பொல்லாதவளாகும் வேலை. டிவியைக் குறைக்கும் முயற்சிகள் தோற்கும்போது மன உறுதி இல்லை, பிள்ளைகள் சொல் பேச்சு கேட்பதில்லை என்றுதான் காரணம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முன்பு இருந்த முடிவுகளை எல்லாம் எடுத்துவிட்டு, அவற்றை மறுபடி உருவாக்கும் பொறுப்பை மாலையில் களைத்து உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம். அவரால் அது முடியவில்லை என்றால் குற்றம் அவருடையது அல்ல.

எழுந்திருக்க முடியாத களைப்பு

அவரால் ஏன் முடிவதில்லை என்பதற்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. திடீரென ஒரு சத்தம் கேட்டாலோ கண்ணோரத்தில் ஏதாவது அசைந்தாலோ நாம் யோசிக்காமலே அந்தப் பக்கம் திரும்புகிறோம். ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ் 1927இல் விவரித்த இயல்பு இது. ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு. டிவியில் காட்சி மாறுவது, கேமரா நெருங்குவது, பட்டென்று இசை எழுவது எல்லாமே இந்த அனிச்சையைத் தூண்டுகின்றன. விளம்பரங்களிலும் பாட்டுக் காட்சிகளிலும் ஒன்றிரண்டு நொடிகளுக்கு ஒரு வெட்டு விழும். கதை பிடித்திருக்கிறதா இல்லையா என்பதே இதில் பொருட்டல்ல. சாப்பிட உட்கார்ந்திருக்கும் அறையில் டிவி ஓடினால், எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் கண் திரைக்குப் போய்விடுவது இதனால்தான்.

ராபர்ட் கியூபி, மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற இரு ஆய்வாளர்கள் இதை வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். ஆட்களிடம் பேஜர் போன்ற ஒரு கருவியைக் கொடுத்தார்கள். ஒரு வாரம், நாளுக்கு ஆறு முதல் எட்டு முறை அது ஒலிக்கும். ஒலித்ததும் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தோம், மனம் எப்படி இருந்தது என்று எழுதி வைக்க வேண்டும். டிவி பார்க்கும்போது ஒலித்தால் மக்கள் இளைப்பாறலாக இருப்பதாக எழுதினார்கள். அது பொய்யில்லை. டிவி உண்மையிலேயே உடம்பைத் தளர்த்துகிறது, அதுவும் உட்கார்ந்த சில நிமிடங்களுக்குள். பார்த்து முடித்த பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. டிவியை அணைத்ததும் அந்த இளைப்பாறல் போய்விட்டது, மந்தமும் கவனக் குறைவும் மட்டும் மிஞ்சின. விளையாடிய பிறகும் வேறு பொழுதுபோக்குகளுக்குப் பிறகும் மனநிலை முன்பைவிட நன்றாக இருந்தது. டிவிக்குப் பிறகு அப்படி இல்லை. நிறைய நேரம் பார்ப்பவர்கள், கொஞ்சமாகப் பார்ப்பவர்களைவிடக் குறைவாகவே ரசித்தார்கள் என்பதும் தெரியவந்தது.

இந்த முடிவு குடும்பங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று நினைக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்தால் சுகம், நிறுத்தினால் சோர்வு என்றால், நிறுத்துவதற்கு மிகவும் கடினமான நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்தான். 'இது முடிந்ததும் அணைத்துவிடலாம்' என்று உட்கார்ந்த பிறகு எடுக்கும் தீர்மானம் அதனால்தான் நிற்பதில்லை. எவ்வளவு நேரம், எந்த நிகழ்ச்சி என்பதை டிவியைப் போடுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். தானாக அடுத்த பகுதி ஓடும் வசதியை செட்டிங்ஸில் போய் நிறுத்தி வைப்பது ஒரு முறை செய்யும் வேலை. ஒவ்வொரு இரவும் மன உறுதியைத் தேடிக்கொண்டிருப்பதைவிட அதற்குப் பலன் அதிகம்.

யாரும் பார்க்காத டிவி

குறைக்கத் தொடங்கும் வீடுகள் பொதுவாகப் பிள்ளைகளின் கார்ட்டூனில் கை வைக்கும். நான் முதலில் கை வைக்கச் சொல்வது யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியில். காலையில் செய்திக்காகப் போட்டது, பிறகு சமைக்கும்போது துணைக்கு, பிறகு அணைக்கத் தோன்றாததால் மதியம் வரை. 'அது பாட்டுக்கு ஓடுகிறது, யார் பார்க்கிறார்கள்?' என்று சொல்வோம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது அவ்வளவு சாதாரண விஷயம் இல்லை.

2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஒன்று, இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் 50 பேரை பொம்மைகளோடு ஒரு மணி நேரம் விளையாட விட்டார்கள். அதில் பாதி நேரம் பக்கத்தில் பெரியவர்களுக்கான ஒரு வினாடி வினா நிகழ்ச்சி ஓடியது. குழந்தைகள் அதை நிமிர்ந்து பார்த்ததே கொஞ்ச நேரம்தான், அவர்களுக்கு அது புரியப்போவதும் இல்லை. ஆனாலும் அது ஓடிய நேரத்தில் அவர்கள் ஒரு விளையாட்டில் நிலைத்திருந்த நேரம் குறைந்தது, ஊன்றிய கவனமும் குறைந்தது. ஒரு பொம்மையை எடுப்பது, பாதியில் விடுவது, வேறொன்றை எடுப்பது என்றே போயிற்று. அடுத்த ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு பெற்றோரைக் கவனித்தது. பின்னணியில் டிவி ஓடும்போது அவர்கள் குழந்தையோடு பேசுவதும் குறைந்தது, குழந்தை கூப்பிட்டால் திரும்புவதும் குறைந்தது.

அதே 2009இல் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் என்ற குழந்தை மருத்துவரின் குழு, இரண்டு மாதக் குழந்தை முதல் நான்கு வயதுக் குழந்தை வரை 329 பேருக்குச் சட்டையோடு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மாட்டி, நாள் முழுக்கக் காதில் விழுவதைப் பதிவு செய்தது. டிவி சத்தம் கேட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்கள் வாயிலிருந்து குழந்தை கேட்ட சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. குழந்தை மொழியைக் கற்பது தன் முகம் பார்த்துப் பேசும் ஆளிடமிருந்து. டிவியில் எத்தனை ஆயிரம் சொற்கள் ஓடினாலும் அவை அந்த 770க்கு ஈடாகாது, ஏனென்றால் குழந்தை மழலையில் பதில் சொன்னால் டிவி கேட்காது.

இந்தப் பின்னணி டிவியை நிறுத்துவதில் யாரும் எதையும் இழப்பதில்லை. எந்த நிகழ்ச்சியும் தவறாது, எந்தச் சண்டையும் வராது. அறையில் சத்தம் வேண்டும் என்று தோன்றுகிறவர்கள் வானொலியோ பாட்டோ போட்டுக்கொள்ளட்டும். அதுவும் பேச்சை ஓரளவு மறைக்கும் என்றாலும் கண்ணையாவது இழுக்காது.

வயதுக் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதுக்குள் டிவி வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1999இல் சொன்னது. 2016இல் அதைத் திருத்தி, ஒன்றரை வயது வரை வீடியோ அழைப்பு தவிர வேறு திரை வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரம் நல்ல நிகழ்ச்சி, முடிந்தால் பெற்றோரும் கூட உட்கார்ந்து, என்று மாற்றியது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். இந்த எண்களை ஒட்டி வீட்டில் கடிகாரம் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. என்ன பார்க்கிறார்கள், யாரோடு பார்க்கிறார்கள் என்பதும் சேர்ந்தே எண்ணப்பட வேண்டும். 1969இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியில் பெரியவர்களுக்கான நகைச்சுவையை வேண்டுமென்றே சேர்த்தார்கள். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அப்போதுதான் பிள்ளை அதிகம் கற்கும் என்று அதை உருவாக்கியவர்கள் நம்பினார்கள். வீடே கூடி உட்கார்ந்து ஒரு படம் பார்ப்பதை நான் ஒருபோதும் குறைக்கச் சொல்ல மாட்டேன். டிவியை அணைத்துவிட்டு ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலைக்குப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

கணக்கு வைத்தால் என்ன ஆகிறது

குறைத்துப் பார்த்தவர்களின் அனுபவம் என்ன? இதில் நன்றாகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் ஒன்று, தாமஸ் ராபின்சன் என்ற மருத்துவர் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் நடத்தியது. 1999இல் முடிவுகள் வெளியாயின. இரண்டு தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள். ஒரு பள்ளியில் மட்டும் ஆறு மாதங்களுக்கு டிவியைக் குறைப்பது பற்றிய பாடங்கள் நடந்தன. உடற்பயிற்சி பற்றியோ உணவு பற்றியோ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முதலில் 10 நாள் டிவியே இல்லாமல் இருந்து பார்க்கச் சொன்னார்கள். அதன்பின் டிவி, வீடியோ, வீடியோ கேம் மூன்றுக்கும் சேர்த்து வாரத்துக்கு 7 மணி நேரம். வீட்டு டிவியில் அந்த நேரத்தைக் கணக்கு வைக்கும் ஒரு கருவியையும் பொருத்திக்கொள்ளலாம்.

அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் எடைக் குறியீடு (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு, BMI) மற்றப் பள்ளிப் பிள்ளைகளுடையதைவிடக் குறைவாகவே கூடியது. டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவது குறைந்தது. அதே பிள்ளைகளை வைத்து 2001இல் வெளியான முடிவுகள் இன்னும் சுவையானவை. சக மாணவர்களே கொடுத்த மதிப்பீட்டின்படி அவர்களிடம் முரட்டுத்தனம் குறைந்திருந்தது, வீட்டில் பொம்மை வாங்கித் தரச் சொல்லிக் கேட்பதும் குறைந்திருந்தது. விளம்பரம் கண்ணில் படவில்லை என்றால் பிள்ளை அந்தப் பொருளைக் கேட்பதில்லை. இதைப் படித்தபோது, பெற்றோர் பல ஆண்டுகளாகப் 'பிடிவாதம்' என்று திட்டித் தீர்த்ததில் எவ்வளவு பங்கு உண்மையில் விளம்பரக்காரர்களுடையது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2008இல் லெனர்ட் எப்ஸ்டீனின் குழு நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகள் 70 பேரிடம் இரண்டு ஆண்டுகள் செய்த ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. டிவியிலும் கணினியிலும் ஒரு கருவி, ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண். எண்ணைப் போட்டால்தான் திரை ஓடும். குழந்தையின் நேரத்தை மாதாமாதம் சிறிது சிறிதாகக் குறைத்து, வழக்கத்தின் பாதிக்குக் கொண்டுவந்தார்கள். எடைக் குறியீட்டில் மாற்றம் தெரிந்தது. ஆனால் குழந்தைகள் கூடுதலாக ஓடி ஆடியதால் அல்ல. அவர்கள் சாப்பிட்டதன் அளவு குறைந்திருந்தது. டிவியை அணைத்தால் பிள்ளை தானாகவே மைதானத்துக்கு ஓடும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் ஓடாது. தட்டைப் பார்த்துச் சாப்பிடும், வயிறு நிறைந்தது தெரியும், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் டிவி கிடையாது என்ற ஒரே விதியை மட்டும் ஒரு வீடு கடைப்பிடித்தாலே அதற்குப் பலன் உண்டு என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இந்த இரண்டு ஆய்வுகளிலும் எனக்குப் பிடித்த அம்சம் கணக்கு முடிந்ததும் 'இல்லை' என்று சொன்னது ஒரு கருவி என்பதே. ஐஸ்லாந்தின் வியாழக்கிழமை செய்த அதே வேலை. அம்மாவிடம் அழுது கெஞ்சிப் பார்க்கலாம், கருவியிடம் என்ன கெஞ்சுவது? கருவிதான் வேண்டும் என்றில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து அந்த வாரத்தில் யார் எதைப் பார்ப்பது என்று எழுதி ஒட்டிவிட்டால், அந்தத் தாள் அதே வேலையைச் செய்யும். நாளுக்கு இவ்வளவு என்பதைவிட வாரத்துக்கு இவ்வளவு என்று வைப்பது நல்லது. ஒரு போட்டியோ நீளமான படமோ இருக்கும் நாளில் அதைப் பார்த்துவிட்டு மற்ற நாளில் விட்டுக்கொடுக்கலாம். அப்படி விட்டுக்கொடுக்கும்போது பிள்ளை தேர்ந்தெடுக்கப் பழகுகிறது. எழுதும் தாளில் அப்பாவின் செய்தி விவாதமும், இரவுத் தொடரும் கட்டாயம் இடம்பெற வேண்டும். பெரியவர்கள் தங்கள் நேரத்தைக் கணக்கில் சேர்க்காத வீட்டில் பிள்ளைகள் அந்தத் தாளை மதிக்க மாட்டார்கள், மதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அமெரிக்க அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி 2019இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் சராசரியாக நாளுக்கு 2.8 மணி நேரம் டிவி பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தில் பாதிக்கு மேல் அது. பிள்ளைகளின் திரை நேரத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் இந்தக் கணக்கைப் பேசுவதே இல்லை.

டிவியைத் தண்டனையாகவும் பரிசாகவும் ஆக்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 'படித்தால் டிவி' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் படிப்பு கசப்பு, டிவி இனிப்பு என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். படுக்கையறையில் டிவி இருந்தால் அதை வெளியே எடுப்பதற்கு மேல் எந்த விதியும் தேவைப்படாது.

முதல் சில நாட்கள்

டிவி பழுதாகியோ திருடுபோயோ திடீரென இல்லாமல் போன வீடுகளைப் பற்றிய ஆய்வுகளை, சார்லஸ் வினிக் என்ற சமூகவியலாளர் தொகுத்து 1988இல் எழுதினார். பெரும்பாலோருக்கு முதல் மூன்று நான்கு நாட்கள் மிகவும் கஷ்டமாக இருந்தன, அதிகம் பார்க்காத வீடுகளிலும்கூட. வீட்டின் அன்றாட ஒழுங்கே குலைந்தது, எரிச்சலும் சண்டையும் கூடின, தனியாக வாழ்பவர்களுக்குப் பொழுது போகவில்லை. இரண்டாவது வாரத்தில்தான் ஓரளவு பழகியது. நிறையப் பேர் முதல் வாரத்திலேயே கைவிடுவது ஏன் என்பது இதிலிருந்து புரியும். அந்தச் சண்டைகளுக்கும் காரணம் உண்டு. ஒரே அறையில் இருந்தும் பேசிக்கொள்ளாமல் இருக்க டிவி இடம் கொடுத்திருந்தது. அதை எடுத்ததும் தள்ளிப்போட்ட பேச்செல்லாம் மேலே வருகிறது. அண்ணன் தங்கை அடித்துக்கொள்வார்கள், கணவன் மனைவிக்கிடையே பழைய மனக்குறை ஒன்று கிளம்பும். இது முயற்சி கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. பேச வேண்டியது பேசப்படுகிறது.

அந்த நாட்களில் டிவி விட்டுச்சென்ற நேரத்தை உடனே வகுப்புகளாலும் பயனுள்ள வேலைகளாலும் நிரப்பத் துடிக்கக் கூடாது. பிள்ளை 'போரடிக்குது' என்று பின்னாலேயே சுற்றும். சுற்றட்டும். கொஞ்ச நேரத்தில் அதுவே எதையாவது கண்டுபிடிக்கும். கனடாவில் ஒரு பள்ளத்தாக்கில் இருந்ததால் 1973 வரை டிவி அலை எட்டாத ஒரு சிற்றூரை உளவியலாளர் டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸின் குழு ஆராய்ந்தது. டிவி வருவதற்கு முன் ஒரு முறை, வந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மறுமுறை. ஒரு பொருளுக்கு எத்தனை விதமான பயன்களை யோசிக்க முடியும் என்ற சோதனையில், டிவி வருமுன் அந்த ஊர்க் குழந்தைகள் பக்கத்து ஊர்க் குழந்தைகளைவிட மேலே இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஊர்க் கூட்டங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் பெரியவர்கள் வருவதும் குறைந்தது. ஒரே ஓர் ஊரை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாதுதான். ஆனால் டிவி வந்தபோது அது வெற்று நேரத்தில் வந்து உட்காரவில்லை, வேறொன்று இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தக் கணக்கை அப்படியே அவர்கள் மேல் போடக் கூடாது. பகலெல்லாம் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு டிவிதான் அறையில் கேட்கும் ஒரே மனிதக் குரலாக இருக்கலாம். மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டு, மாலையில் வந்து 'எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்?' என்று கேட்பது கொடுமை. அவருடைய டிவியைக் குறைக்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார வேண்டும், வேறு வழி கிடையாது. காது மந்தமானதால் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார், அது குழந்தை விளையாடும் கூடம் வரை கேட்கிறது என்றால், டிவியோடு இணையும் வயர்லெஸ் ஹெட்போன் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். தொடரில் யார் என்ன பேசுகிறார்கள் என்பது அவருக்கும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும்.